யாருக்குப் பதிலாக இந்தப் பதிலி?

காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே பஞ்சாலை வாசலில் போய் நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போகும் காட்சி புதிதல்ல. ஒரு வரிசை உள்ளே போகும். அட்டை உண்டு, எண் உண்டு, பேரேட்டில் பெயர் உண்டு என்ற உறுதியோடு போகும் வரிசை அது. இன்னொரு கூட்டம் வெளியே நிற்கும். கையிலே தூக்குச்சட்டி, கண்ணிரண்டும் மேஸ்திரியின் முகத்திலே, காதிரண்டும் சங்கொலிக்காக.

"அண்ணே, இன்னைக்கு உண்டா?"

"பொறு தம்பி. ரெண்டு பேர் இன்னும் வரலை. சங்கு ஊதட்டும், பாக்கலாம்."

வராதவன் வந்துவிட்டால், இவன் வந்த வழியே திரும்பவேண்டும். தூக்குச்சட்டிச் சோற்றை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து தின்னவேண்டும். வராதவன் வராமலே இருந்துவிட்டால், இவனுக்கு வேலை. மறுநாளும் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வாசலில் நிற்பவன் நெஞ்சிலே என்ன வேண்டுதல் இருக்கமுடியும்? உள்ளே போகவேண்டியவனுக்கு இன்று காய்ச்சல் வரட்டும் என்பதைத் தவிர? நல்லவன்தான். அடுத்த தெருக்காரன்தான். அந்தக் காய்ச்சல்காரன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன்தான். எனினும், தன் தோழனின் நோயிலேதான் தன் பிழைப்பு இருக்கிறது என்ற நிலைக்கு அவனைத் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்கள் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்.

அந்தப் பெயர்தான் — பதிலி!

இன்று இந்தப் பெயரைப் பற்றியும், ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்பதைக் குறிக்கும் வேறு பல பெயர்களைப் பற்றியும் பேச விரும்புகிறோம். புலவர் பட்டம் வாங்குவதற்காக அல்ல. சொல்லுக்குள்ளே சுருண்டு கிடக்கும் சூழ்ச்சியை வெளியே இழுத்துப் போடுவதற்காக!

மேலே ஒரு பதிலி

'பதல்' என்பது அரபுச் சொல். மாற்று, ஈடு என்று பொருள். இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து 'பதில்' ஆயிற்று. கேள்விக்கு மறுமொழியும் பதில்தான். ஒன்றின் இடத்தில் வைக்கும் மற்றொன்றும் பதில்தான். ஆள் இல்லாத இடத்தில் வைக்கும் ஆள், பதிலி. கேள்விக்குப் பதில் உண்டு. பதிலி கேட்ட கேள்விக்குத்தான் இன்றுவரை பதில் இல்லை!

பஞ்சாலையில் மட்டும்தானா பதிலி உண்டு? டில்லியிலும் உண்டு! 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அன்றே குல்சாரிலால் நந்தா பிரதமர் பொறுப்பேற்றார். ஜூன் 9 வரை, பதின்மூன்று நாள். 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் லால்பகதூர் சாஸ்திரி மறைந்தார். மறுபடியும் நந்தா, ஜனவரி 24 வரை, மறுபடியும் பதின்மூன்று நாள். இத்தனைக்கும் அவர், அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் 1922 முதல் 1946 வரை செயலாளராக இருந்தவர். பஞ்சாலை வாசலை அறியாதவரல்லர். இரண்டு தடவை பதின்மூன்று நாள் நின்றார். இந்தியப் பிரதமர் வரிசையைப் பற்றிப் பேசும் எந்த நூலும் அவர் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. 'இடைக்காலப் பிரதமர்' என்று மரியாதையோடு எழுதுகிறார்கள். அவரைக் குறை கூறவில்லை நாம். அந்த மரியாதை அவருக்கு உரியதே. நாம் கேட்பது, பதின்மூன்று ஆண்டுகள் இன்னொருவன் இடத்தில் நின்று நூல் நூற்றவன் பெயர் எந்த ஏட்டிலே இருக்கிறது என்பதுதான்.

இன்னொன்றும் கேளுங்கள். குடியரசுத் தலைவர் பதவி காலியானால், துணைத்தலைவர் அந்தப் பொறுப்பில் செயல்படுவார் என்கிறது அரசியல் சட்டத்தின் 65ஆவது பிரிவு. செயல்படும் அந்த நாட்களில் குடியரசுத் தலைவருக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு, பாதுகாப்பு உண்டு, ஊதியமும் அந்தப் பதவிக்கு உரியதே. 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் மறைந்தபோது, தொழிற்சங்கத் தலைவராக வாழ்வைத் தொடங்கிய வி.வி.கிரி அப்படித்தான் பொறுப்பு வகித்தார். எவ்வளவு நேர்மையான விதி! எவர் இடத்தில் நிற்கிறாரோ அவருக்கு உள்ளதெல்லாம் இவருக்கும்! இந்த நீதி ராஷ்டிரபதி மாளிகை வாசலோடு நின்றுவிட்டதே, பஞ்சாலை வாசலுக்கு வரவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

வேலைக்காரன் ராஜாவான கதை

சொற்களின் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், சினமும் வரும்.

'நவாப்' என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? பட்டாடை, பல்லக்கு, பரிவாரம்! அரபு மொழியில் 'நாயிப்' என்றால் பதில் ஆள். அதன் பன்மையிலிருந்து பிறந்ததுதான் நவாப். ஆர்க்காட்டு நவாப் என்றால் அசலில், மேலே இருந்த ஒருவருக்காக ஆர்க்காட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பார்த்துக்கொள்ள வந்தவர் ஆளத் தொடங்கினார். பதில் ஆள் என்ற பொருளே மக்களுக்கு மறந்து போயிற்று.

'வைசிராய்' என்றால்? அரசனுக்குப் பதிலாக நிற்பவன். நம்மவர்கள் அதை அழகாக 'ராஜப்பிரதிநிதி' என்று எழுதினார்கள். அவரும் பதிலிதான், தோழர்களே! லண்டனில் இருந்த முதலாளிக்கு இங்கே பதில் ஆள். ஆனால், அவர் எந்த வாசலிலாவது தூக்குச்சட்டியோடு நின்றதுண்டா? பட்டாளத்து 'லெப்டினண்ட்' இருக்கிறாரே, அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதே பொருள்: இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

மேலிடத்துக்குப் பதிலாக நின்றவர்களின் கதை இப்படி. ஏழைகளிடம் மேலிடத்தின் சார்பில் அனுப்பப்பட்டவர்களின் கதை வேறு. 'குமாஸ்தா' என்ற பாரசீகச் சொல்லுக்கு, நியமிக்கப்பட்டவன் என்று பொருள். இன்று குமாஸ்தா என்றால் கணக்கெழுதும் எளியவர். 18ஆம் நூற்றாண்டு வங்காளத்திலோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தா என்றால் நெசவாளர் தெரு நடுங்கும்! முன்பணம் கொடுப்பான், வாங்கியவன் வேறெவருக்கும் துணி விற்கக்கூடாது என்பான், தாமதமானால் அடி, உதை. அடித்த கை கம்பெனியின் கை. அதைச் சுமந்து நின்றவன் உள்ளூர்க்காரன்.

நம்மவர் கண்ணீரோடு கலந்த சொல் 'கங்காணி'. கண்காணிப்பவன் என்ற நல்ல தமிழ்ச் சொல்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனவர் கங்காணி. ஊரிலே உறவினர்; தோட்டத்திலே துரையின் ஆள். வேலைக்கு வந்த தலைகளை எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய 'துண்டு' ஒன்று உண்டு. அந்தத் தொகையைக் கட்டும் துரையிடம் தொழிலாளி போய்ச் சேருவான். ஒரு துண்டுக் காகிதத்திலே ஒரு குடும்பம்! 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழிக்கவேண்டி வந்தது.

தமிழனுக்கு ஒருவருக்காக ஒருவர் நிற்பது புதிதா? இல்லை. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசுவோர் பன்னிருவரைத் தொல்காப்பியம் சொல்கிறது: தோழி, பாங்கன், பாணன், கூத்தர், விறலியர் என்று வரும் அந்த வரிசைக்கு அது இட்ட பெயர் 'வாயில்கள்'. என்ன அழகான பெயர்! வாயில் என்றால் வழி. ஒருவர் உள்ளத்தை இன்னொருவரிடம் கொண்டு சேர்க்கும் வழி. வள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். தன் உயிருக்கே கேடு வந்தாலும் அனுப்பியவனுக்கு நன்மை தேடுபவனே தூதன் என்றார். ஒருவருக்காக நிற்பவனுக்கு நம் முன்னோர் கொடுத்தது பெயர், பெருமை, பொறுப்பு. பஞ்சாலை வாயிலிலே நம் தோழனுக்குக் கிடைத்தது என்ன?

பேரேட்டில் இல்லாத பெயர்

1935இல் பம்பாய் மில் முதலாளிகள் சங்கம் ஒரு முறையைக் கொண்டு வந்தது. மாதத்தின் முதல் நாள், குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்குப் பதிலி அட்டை கொடுப்பார்கள். அட்டை பெற்றவர் நாள்தோறும் காலையில் வாசலுக்கு வரவேண்டும். காலியிடம் இருந்தால் வேலை, இல்லையேல் வீடு. யாரை உள்ளே விடுவது என்று ஜாபர் ஒருவனே முடிவு செய்து, கையூட்டு வாங்கிக் கொழுத்துவந்த நிலைக்கு இது ஓரளவு கடிவாளம் என்றார்கள். கடிவாளம் ஜாபருக்குத்தான், பசிக்கு அல்லவே!

சட்டம் என்ன சொல்லிற்று? 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில், 1953இல் ஒரு திருத்தம் வந்தது. வேலை கொடுக்கமுடியாமல் ஆலை ஆட்களை நிறுத்தி வைத்தால், 'லே-ஆப்' நட்டஈடாகப் பாதிச் சம்பளம் தரவேண்டும் என்று அது சொன்னது. நல்ல காரியம்! ஆனால் யாருக்கு? மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பேரேட்டில், பெயர் உள்ளவனுக்கு. பதிலிக்கு இல்லை. பதிலி என்றால் யார்? பேரேட்டில் பெயர் உள்ள இன்னொரு தொழிலாளியின் இடத்தில் வேலை செய்பவன் என்று சட்டமே இலக்கணம் வகுத்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்துவிட்டால் அவனை இந்த விஷயத்தில் பதிலி என்று கருதக்கூடாது என்றும் சேர்த்தது. ஓராண்டு என்பதற்குக் கணக்கு, பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை.

அங்கேதான் தந்திரம் பிறந்தது. இருநூற்று நாற்பது நெருங்கும்போது, "நாளையிலிருந்து கொஞ்ச நாள் வராதேப்பா" என்பார்கள். ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணிக்கை! பரமபத ஆட்டத்தில் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் பாம்பு வாயைத் திறந்துகொண்டு இருக்குமே, அதைப்போல!

ஆலையில் மட்டுமா இது? ரிசர்வ் வங்கியில் நாணயம் பரிசோதிக்கும் வேலையில் நாட்கூலியாக இருந்த ஒருவரின் வழக்கு 1985இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. அவருக்குப் பெயர் பதிலி அல்ல. நிலை மட்டும் அதுவே. இப்படிப்பட்டவர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்காதீர், ஆளை மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்று ஓர் இரகசியச் சுற்றறிக்கையே போயிருந்தது வெளிவந்தது! முறைகேடான செயல் என்று கண்டித்து, அவரை வேலையில் சேர்க்க ஆணையிட்டது நீதிமன்றம்.

எனினும் மறு ஆண்டே, 1986இல், ஒரு பஞ்சாலை வழக்கிலே, பதிலிக்கு வேலை உறுதி என்ற உரிமை இல்லை, ஆகவே ஆலை மூடப்பட்டால் மூடல் நட்டஈடும் இல்லை என்று அதே உச்ச நீதிமன்றம் கூறிற்று. வேலை இருந்தால்தானே வேலை போயிற்று என்று சொல்லமுடியும் என்பது வாதம். பேரேட்டில் பெயர் இல்லாததால் இழப்பும் இல்லையாம்! பிள்ளைகளின் வயிறு பேரேட்டைப் பார்த்தா பசிக்கிறது?

போராட்டமும் நடந்தது. 1982 ஜனவரி 18 அன்று பம்பாயில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். ஊதிய உயர்வோடு, பதிலிகளை நிரந்தரமாக்கு என்பதும் அவர்கள் கோரிக்கை. உள்ளே இருந்தவனும் வாசலில் நின்றவனும் ஒரே அணியில் நின்ற நாள் அது! அந்த ஆண்டே தொழில் தகராறுச் சட்டம் திருத்தப்பட்டது. நிரந்தரத் தொழிலாளியின் உரிமையைத் தராமல் இருக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு பதிலியாக, தற்காலிகமாக ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது முறைகேடான தொழில் நடவடிக்கை என்று அட்டவணையில் எழுதப்பட்டது.

நம் மாநிலத்தில் 1981இலேயே நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்கவேண்டும் என்றது அது. பதிலியும் தொழிலாளியே என்று அந்தச் சட்டத்தின் இலக்கணத்தில் எழுதப்பட்டிருப்பதை நம் தோழர்கள் மனத்தில் பொறித்துக்கொள்ள வேண்டும்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே இன்று பதிலி வந்துவிட்டது! 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதிலும் பதிலிக்கு அதே இலக்கணம்: பேரேட்டில் பெயர் உள்ள இன்னொருவனின் இடத்தில் நிற்பவன்! பழைய சட்டம் போயிற்று, பதிலி போகவில்லை.

பினாமியும் பதிலியும்

இன்னொரு சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'பினாமி' — பாரசீகச் சொல். பெயர் இல்லாதது என்று பொருள். சொத்து ஒருவனுடையது, பத்திரத்தில் இருக்கும் பெயர் இன்னொருவனுடையது. அதைத் தடுக்க 1988இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

பொருள் இல்லாமல் பெயர் மட்டும் இருப்பவன் பினாமி. உழைப்பு இருந்தும் பெயர் இல்லாதவன் பதிலி. மாளிகையை மறைக்கப் பெயர் கடனாகக் கிடைக்கிறது. மனிதனை எழுதப் பேரேட்டில் ஒரு வரி கிடைக்கவில்லை! 'எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை ஏன் காய்கிறது' என்பார்கள் நம் ஊரில். இங்கே எள்ளாய்க் காய்பவனே நம் தோழன். எண்ணெய் மட்டும் எங்கோ போகிறது!

இப்போது புதுப்புதுப் பெயர்கள் புறப்பட்டிருக்கின்றன. கல்லூரியிலே பாடம் நடத்துகிறவர் 'கௌரவ விரிவுரையாளர்'. கௌரவம் பெயரிலே, கவலை சம்பள நாளிலே. வெயிலில் சாப்பாடு சுமந்து வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் தம்பிக்கு 'பார்ட்னர்' என்று பட்டம். பார்ட்னர் என்றால் பங்காளி. நம் ஊரிலே பங்காளி என்றால், அரையடி வரப்புக்கும் வழக்குப் போடும் உரிமை உடையவன்! இந்தப் பங்காளிக்குப் பங்கு எங்கே? விபத்தில் கால் ஒடிந்தால் மட்டும் அது முழுக்க முழுக்க அவன் பங்கு! பதிலி என்ற பழைய பெயரிலாவது உண்மை கொஞ்சம் இருந்தது. இந்தப் புதுப்பெயர்கள் வாயில் வெல்லத்தைத் தடவிவிட்டு வயிற்றைக் காயப்போடுகின்றன.

நம்பிக்கை இல்லையா? உண்டு. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகச் செய்தவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிகம் என்று பெயரிட்டு உரிமையை மறுக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நாம் வாசலில் நின்று கேட்டுவந்ததும் அதைத்தானே!

மூன்றாவது பத்தி

ஆகவே, தோழர்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு.

ஒன்று, உள்ளே இருக்கும் நிரந்தரத் தோழருக்கு. வாசலில் நிற்பவன் உங்கள் வேலைக்கு எதிரியல்லன். அவன் மலிவாகக் கிடைக்கும்வரை, உங்கள் கூலியும் உயராது. ஆலைப் பேரேட்டில் அவன் பெயர் ஏறும்முன், நம் சங்கப் பேரேட்டில் ஏறட்டும். தொல்காப்பியர் சொன்னாரே, அந்த வாயிலாக நீங்கள் இருங்கள்; அடைத்த கதவாக இருக்காதீர்கள்.

மற்றொன்று, வாசலில் நிற்கும் தோழருக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் நாள். இரண்டாவதில் ஷிப்டு. மூன்றாவதில், யாருக்குப் பதிலாக அன்று வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். கூலிச் சீட்டு, அட்டை, டோக்கன் எண், எது கிடைத்தாலும் அதோடு சேர்த்து வையுங்கள். 240 ஆனாலும் 480 ஆனாலும், நாளை ஓர் அதிகாரி முன்னோ நீதிபதி முன்னோ எண்ணிக் காட்டவேண்டியவர் நீங்கள்தான். ஆலை தன் கணக்கை எழுதுகிறது. நாம் நம் கணக்கை எழுதவேண்டாமா?

எழுதத் தொடங்கினால் ஒரு விந்தையைக் காண்பீர்கள். சில வாரம் போனதும் மூன்றாவது பத்தியில் எழுதப் பெயரே கிடைக்காது! காய்ச்சலில் படுத்தவன் எழுந்து வந்துவிட்டான். விடுப்பில் போனவன் திரும்பிவிட்டான். எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் உங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள்; எந்திரத்தின் முன் நிறுத்துகிறார்கள்; எட்டு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள்.

அப்படியானால் நீங்கள் யாருக்குப் பதில்?

யாருக்கும் இல்லை! அந்த இடம் உங்களுடையது. அந்த மூன்றாவது பத்தி எத்தனை நாள் காலியாகக் கிடக்கிறதோ, அத்தனை நாள் அவர்கள் உங்களைப் பொய்ப்பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நோட்டைச் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். நமக்குப் பதிலாகப் பேசுகிறோம் என்று வோட்டு வாங்கிப்போன பிரதிநிதிகளின் மேசைமீது, எந்தக் கட்சிக்காரராயினும் சரி, நம்மவராயினும் சரி, விரித்து வைப்போம். காலியாக இருக்கும் அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டிக் கேட்போம்:

"ஐயா, இதற்கு என்ன பதில்?"